குடிகாட்டிலிருந்து வந்த மூன்றாவது போன்

பிள்ளைகளா, நீங்கள் இரண்டு பேருமே கடைசியில் என் வேலைக்குத்தான் வந்து சேருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. பெரியவள் பேங்க் பரீட்சை எழுதுவாள், சின்னவன் ஏதாவது கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போவான் என்றுதான் எண்ணியிருந்தேன். இப்போது இரண்டு பேரும் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, அடுத்தவர் மனக்கஷ்டத்தைக் கேட்க உட்கார்ந்துவிட்டீர்கள். உங்களுடையது பெரிய படிப்பு. அப்பா பிளஸ் டூ. அதனால் பாடம் நடத்தப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பை எழுதிக் கொடுக்கிறேன். உங்களோடு புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளும் படிக்கட்டும்.

நான் எந்த வாசல் வழியாக இந்த வேலைக்குள் வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் வார்டு அட்டெண்டராக இருந்தேன். நோயாளிகளைக் குளிக்க வைப்பது, சாப்பிட வைப்பது, ஓடினால் பின்னால் ஓடுவது, இதுதான் வேலை. 2004 டிசம்பரில் அலை வந்தது. டாக்டர்கள் தேவனாம்பட்டினத்துக்குக் கிளம்பியபோது மருந்துப் பெட்டி தூக்க என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். ஆள் போதவில்லை. அதனால் என் கையிலும் ஒரு படிவத்தைக் கொடுத்து, வீடு வீடாகக் கேட்டு எழுதி வா என்றார்கள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறதா.

மீன் விற்கிற ஓர் அம்மா, நிவாரண அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் முதல் கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, இதக் கேக்க வந்ததுல நீ எத்தினியாவது ஆளு தெரியுமா?"

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல. எண்ணுறத வுட்டுட்டேன். அந்தக் காயிதத்தக் கீழ வெச்சுட்டு ஒக்காரு."

உட்கார்ந்தேன். சும்மா இருக்கக் கூச்சமாக இருந்ததால் நானும் கல் பொறுக்கினேன். முறம் காலியாகி, இன்னொரு முறமும் பாதி ஆனபோது அவரே பேச ஆரம்பித்தார். படிவத்தில் அவர் பெயரைத் தவிர எதையும் நான் எழுதவில்லை. அதற்குத் திட்டு விழும் என்று பயந்துகொண்டே ஜீப்புக்குத் திரும்பினேன். எங்களோடு வந்திருந்த டாக்டரம்மா படிவத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "அண்ணே, பெட்டி தூக்க வேற ஆள் பாத்துக்கலாம். நீங்க இந்த வேலைக்கு வந்துடுங்க" என்றார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர் அவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் தொழிலைக் கற்றேன். தபால் வழியில் ஒரு டிப்ளமோவும் முடித்தேன். பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கடலூரில் ஒற்றை அறை பிடித்து, வாசலில் 'கவுன்சிலர்' என்று போர்டு வைத்து என்னை உட்கார வைத்தது. முதல் ஒரு மாதம் வந்தவர்கள் பாதிப்பேர் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு கொண்டுவந்தவர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அலை வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். குடிகாட்டிலிருந்து ஒரு புருஷனும் மனைவியும் வந்தார்கள். அவரை முருகையன் என்றும், அந்த அம்மாவைச் செல்வி என்றும் வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் வேறு.

குடிகாட்டுக்குப் பக்கத்திலேயே கெமிக்கல் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே ஒரு கம்பெனியில் முருகையன் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஷிஃப்ட் முடியும்போது ஒரு வால்வை மூடிவிட்டு, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். மூடுவார், கையெழுத்தும் போடுவார். பாதி வழியில் சந்தேகம் வந்துவிடும். மூடினோமா? சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்குப் போவார். பார்த்துவிட்டு வருவார். மறுபடி சந்தேகம். ஒரே நாளில் பதினோரு தடவை போயிருக்கிறார்.

"வாச்மேன் சிரிக்கிறான் சார்" என்றார் முருகையன். "என்னா மாமா, கம்பெனி இருந்த எடத்துலயே இருக்குதான்னு பாக்க வந்தியான்றான்."

"சிரிச்சாக்கூடப் பரவால்ல சார்" என்றார் செல்வி. "இன்னொரு தபா ஷிஃப்ட் முடிஞ்சு உள்ள வந்தா கேட் பாஸக் கிழிச்சுடுவேன்னு ஃபோர்மேன் சொல்லிட்டாரு. வீட்டுக்கு வந்தாலும் நிம்மதியில்ல. மூடுனனா, மூடுனனான்னு என்னையே கேக்குறாரு. நான் என்னா கம்பெனியிலயா நின்னேன்?"

இந்த நோய் உங்களுக்குத் தெரிந்ததுதான். சந்தேகம் வரும்போதெல்லாம் போய்ப் பார்த்தால் சந்தேகம் வளரும். யாராவது 'மூடிட்டய்யா' என்று சொன்னால் அரை மணி நேரம் நிம்மதி, பிறகு இரண்டு பங்காகத் திரும்பும். டாக்டரம்மா மாத்திரை எழுதினார். பேச்சு வைத்தியம் என் பொறுப்பு. ஒரே ஒரு தடவை பார், கையெழுத்துப் போடு, கிளம்பு. என்ன துடித்தாலும் திரும்பிப் போகாதே. செல்விக்கும் ஒரு விதி போட்டேன். அவர் கேட்டால் 'மூடிட்ட' என்று சொல்லக் கூடாது. 'தெரியல' என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். எனக்கும் அதே விதிதான். போனில் கேட்டால், 'வியாழக்கிழமை பேசலாம்' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். வியாழன்தான் அவர் வருகிற நாள்.

செல்விக்குத்தான் கஷ்டம். "புருஷன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே தெரியலன்னு சொல்றது பாவமா இருக்குது சார்" என்று அழுவார். ஆனால் விடாமல் செய்தார். பதினொன்று ஐந்தாகி, இரண்டாகி, நான்காவது மாதம் ஒரு வாரம் முழுக்க அவர் கேட் பக்கமே திரும்பிப் போகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிளஸ் டூ படித்தவன் இவ்வளவு செய்துவிட்டேனே என்று பெருமை. பிள்ளைகளா, நம் தொழிலில் அந்தப் பெருமை வருகிற வாரத்தில்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டே முக்கால். லால்பேட்டையிலிருந்து பஸ் மாறி வந்திருந்த ஓர் அம்மாவும் அவர் மகளும் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். போன் அடித்தது. முருகையன்.

"சார், வாட வருது சார். இது வேற மாதிரி சார்."

எனக்கு மனசு தொய்ந்துவிட்டது. ஒரு வாரம் நன்றாக இருந்தாரே, மறுபடி ஆரம்பித்துவிட்டதே என்று நினைத்தேன். "முருகையன், வியாழக்கிழமை பேசலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் மறுபடி அடித்தது. அதே நம்பர். எடுக்காமலே நிறுத்தினேன். சரியாகச் செய்கிறோம் என்ற திருப்தி கூட இருந்தது. அதை மறைக்காமல் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது தடவை அடித்தது. என் கை கட் செய்யப் போனது. லால்பேட்டை அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, "எடுத்துப் பேசுங்கண்ணே. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல. மூணு தடவ அடிக்கிறவுங்க சும்மா அடிக்கமாட்டாங்க" என்றார்.

எடுத்தேன். இந்த முறை பேசியது செல்வி.

"சார், நீங்க சொன்ன மாதிரியேதான் சார் செய்யுறேன். தெரியலன்னு சொல்லிட்டு துணி தொவைச்சுக்கிட்டு இருக்கேன். ஆனா இவரு கிளம்பு கிளம்புன்னு உயிர எடுக்குறாரு. இப்பிடியே இருந்துடவா சார்? சரிதான சார்?"

"உங்களுக்கு வாடை வருதாம்மா?"

"எனக்கு நாலு நாளா சளி சார். மூக்கே வேல செய்யல. பக்கத்து வீட்ல கேட்டேன், இந்த ஊருல என்னிக்கு நாத்தம் இல்லன்னு சிரிக்கிறாங்க."

அது உண்மைதான். தினமும் ஏதாவது ஒரு நாற்றம் அடிக்கிற ஊரில் மூக்கை யாரும் நம்புவதில்லை. கிளம்புங்கள் என்று நான் சொல்லி, அது நோயாக இருந்தால், நான்கு மாத உழைப்பும் போயிற்று. ஊரே பார்க்கக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஓடினால் கம்பெனிவரை பேச்சுப் போகும், பாஸ் கிழியும். கிளம்பாதீர்கள் என்று சொல்லி, அது நோயாக இல்லாவிட்டால்? டாக்டரம்மாவைக் கேட்கலாம் என்றால் அந்த நேரம் அவர் வார்டில் இருப்பார், போனை மேஜையில் வைத்துவிட்டுத்தான் போவார். லால்பேட்டை அம்மாவின் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் இப்ப என்ன பண்றாரும்மா? பாத்து சொல்லுங்க."

"பள்ளிக்கூடத்துலேர்ந்து பசங்களக் கூட்டியாந்துட்டாரு சார். டீச்சர் திட்டுனாங்களாம். மூஞ்சியில ஈரத்துணி கட்டி வுட்டுருக்காரு. ரெண்டு பேரையும் சைக்கிள்ல ஏத்தி வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு. நான் வந்தாத்தான் கிளம்புவேன்றாரு."

"சைக்கிள் எந்தப் பக்கம் பாத்து நிக்குது? கம்பெனி கேட்டுப் பக்கமா?"

"இல்ல சார். வடக்கால. காத்து கெழக்கேர்ந்து அடிக்குது, குறுக்கால போயிடணும்ன்றாரு."

"வால்வ மூடுனேனான்னு கேட்டாரா?"

"அதக் கேக்கவே இல்ல சார். இன்னிக்கு ஒரு தடவகூடக் கேக்கல."

நான்கு மாதமாக அந்த நோய் அவரைக் கம்பெனியை நோக்கித்தான் இழுத்திருக்கிறது. ஒரு நாளாவது அங்கிருந்து விலகி ஓடு என்று அது சொன்னதில்லை. எப்போதும் அதற்குத் தன் கையைப் பற்றித்தான் கவலை. இன்றைக்கு அவர் மனைவியையும் பிள்ளைகளையும் காற்றையும் பற்றிப் பேசுகிறார். அவர் கிளம்பாமல் நிற்பது செல்விக்காக. செல்வி கிளம்பாமல் நிற்பது என் விதிக்காக. அந்தக் குடும்பத்தை அந்த வாசலில் நிறுத்தி வைத்திருப்பது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

"செல்வி, துணியப் போட்டுட்டுக் கிளம்புங்க. இப்பவே."

"அப்ப நாலு மாசமா பண்ணது சார்?"

"வீணாப் போனாப் போவட்டும். அதுக்கு நான் பொறுப்பு. போற வழியில தெருவுல சத்தம் போட்டு சொல்லிட்டுப் போங்க. ஓடுங்க."

வைத்தேன். தீயணைப்பு நிலையத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சொன்னேன். கம்பெனியில் போனை யாரும் எடுக்கவில்லை. பிறகு செய்ய ஒன்றுமில்லை. லால்பேட்டை அம்மா சத்தமில்லாமல் ஓதிக்கொண்டிருந்தார். அவர் மகள் எழுந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நான் பார்க்க வேண்டியவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டார்கள். இருபது நிமிஷம். நோயாக இருக்கட்டும், கடவுளே, நான் முட்டாளாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

போன் அடித்தது. செல்வியின் மூச்சிரைப்பு. அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு நீண்ட ஊளை.

"சார், சங்கு ஊதுறாங்க." இவ்வளவுதான் சொன்னார். இந்த முறை போனை வைத்தது அவர்.

வாயு கசிந்தது முருகையன் கம்பெனியில் இல்லை, பக்கத்து யூனிட்டில். ஏதோ ஒரு தொட்டியின் மூடி இடுக்கில். செல்வி கத்தியதைக் கேட்டுத் தெருவில் பாதிப்பேர் கிளம்பியிருக்கிறார்கள். மீதிப்பேர், "உம் புருஷனுக்கு வேற வேல இல்லியா?" என்று சிரித்துவிட்டுத் தங்கிவிட்டார்கள். அவர்களுக்குக் கண் எரிச்சலும் வாந்தியும். ஆஸ்பத்திரியில் ஓரிரு நாள் இருந்து எல்லோரும் வீடு திரும்பினார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சங்கு ஊதுவதற்கு முன்பே டீச்சர் வெளியே கூட்டிவந்துவிட்டாராம்.

மறுநாள் சிதம்பரம் போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அண்ணே, அவர் வேலை பாக்குற எடத்த நீங்க போய்ப் பாத்தீங்களா?"

இல்லை. குடிகாட்டுக்கே நான் போனதில்லை. நான் போய் நின்றால் அந்த வீட்டுக்குப் பைத்தியக்கார வீடு என்று பெயர் வந்துவிடும் என்று போகாமல் இருந்தேன். அந்தக் காரணம் நியாயமானதுதான். ஆனால் ஒரு கோலப்பொடி கம்பெனியில் வேலை பார்க்கிறவருக்குப் போடுகிற விதியை அவருக்குப் போட்டிருக்கிறேன். அவருக்கிருந்த பயம் அளவுக்கு மீறியது. ஆனால் அந்த இடம் நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம். நிஜமாக ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்று நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட நாங்கள் மூன்று பேரும் பேசவில்லை. அதுதான் என் தப்பு. போனைக் கட் செய்தது அதற்குப் பின்னால் வந்தது.

வியாழக்கிழமை அவர்கள் வரமாட்டார்கள் என்று நினைத்து நானே போனேன். செல்வி நாற்காலி போட்டார். தண்ணீர் தரவில்லை.

"ரெண்டு தடவ கட் பண்ணீங்க சார்."

"ஆமாம்மா."

"எம் புள்ளைங்க சைக்கிள் மேல ஒக்காந்துக்கிட்டு, வாம்மா வாம்மான்னு அழுவுதுங்க. நான் தெரியல, தெரியலன்னுக்கிட்டு சோப்பு போட்டுக்கிட்டு இருக்கேன். கட்டுன புருஷன வுட்டுட்டு உங்கள நம்புனேன் சார்."

மன்னிப்புக் கேட்டேன். பயிற்சியில் இப்படி, புத்தகத்தில் அப்படி என்றெல்லாம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். செல்வி அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அதற்குள் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். "முருகையா, இன்னிக்கு வாட எப்பிடி இருக்குது?" அன்றிலிருந்து ஊரே அவரிடம் வந்து கேட்கிறதாம். அவரும் ஒரு நாளைக்கு நாலு தடவை தொழிற்பேட்டைச் சுவர் ஓரமாகச் சுற்றிவர ஆரம்பித்திருந்தார். நோய்க்குச் சாட்சி கிடைத்துவிட்டது. இதை இப்படியே விட்டால் அவர் ஆயுசுக்கும் அந்தச் சுவரைச் சுற்றுவார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் இன்னொரு தடவை என்னை நம்புங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதனால் வேறொன்று கேட்டேன். "முருகையன், அன்னிக்கு எப்படி இருந்துச்சு? நெஞ்சு படபடன்னு அடிச்சுதா?"

அவர் வாசலில் நின்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இல்ல சார். வால்வு விஷயத்துல நெஞ்சு அடிக்கும், கை ஆடும். அன்னிக்கு ஒண்ணுமே இல்ல. பயமே இல்ல சார். வேல இருந்துச்சு. துணிய நனைக்கணும், பசங்களத் தூக்கணும், இவளக் கிளப்பணும். அவ்ளோதான்."

"அப்ப ரெண்டும் வேற வேறயா?"

"வேறதான் சார்" என்றார், அவருக்கே அது அப்போதுதான் தெரிந்த மாதிரி.

அதன்மேல்தான் மறுபடி கட்டினோம். நான் விதி சொல்லவில்லை, அவர்கள் சொன்னார்கள். செல்வி மகனின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினார். கண் எரிந்தால், இருமல் வந்தால், சங்கு ஊதினால், இரண்டு பேரில் ஒருவர் சொன்னாலும் உடனே கிளம்புவது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த 'யாரையும்' கீழே செல்வி இரண்டு கோடு போட்டார். அது எனக்காக. மற்ற நாளில், ஒரு தடவை பார், கையெழுத்துப் போடு, கிளம்பு. சுவரைச் சுற்றுவதில்லை. ஊர்க்காரர்கள் வந்து கேட்டால், "எனக்கும் மூக்கு ஒண்ணுதான்" என்று சொல்வது. இதைச் சொல்லிப் பார்த்தபோது முருகையனுக்கே சிரிப்பு வந்தது.

அவர் திங்கட்கிழமை ஷிஃப்டுக்குத் திரும்பினார். காலை ஆறு முதல் இரண்டுவரை. இரண்டு மணிக்கு என் அறையில் யாரும் இல்லை. போனை மேஜை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது மூடியிருப்பார். இப்போது கையெழுத்து. இப்போது பாதி வழி. திரும்பிவிட்டாரோ? ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன? செல்வியிடம் கேட்கலாமே, அவரிடம்தானே கேட்கக் கூடாது? எடுத்தேன், வைத்தேன். எழுந்து தெருமுனைவரை நடந்து, திரும்பி வந்து போனில் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்தேன். மறுபடி பார்த்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அவரை நான்கு மாதம் எந்த நெருப்பின் மேல் உட்கார வைத்திருந்தேன் என்று அன்றைக்குத்தான் என் உடம்புக்குத் தெரிந்தது. ஆனாலும் போன் போடவில்லை.

வியாழக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். உட்காருவதற்கு முன்பே செல்வி ஆரம்பித்தார்.

"திங்கக்கிழம ஒரு தபாகூட இவரு திரும்பிப் போவல சார். அது கெடக்கட்டும். நீங்க கண்டிப்பா போன் பண்ணுவீங்கன்னு இவரு சொன்னாரு. நான் பண்ணமாட்டாருன்னேன்."

"பண்ணலியே" என்றேன்.

முருகையன் என்னை உற்றுப் பார்த்தார். "பண்ணணும்னு இருந்துச்சா சார்?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருந்துச்சு."

"அடங்க எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு முருகையன்."

அவர் செல்வியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "எனக்கு அரை மணி நேரந்தான் சார் ஆச்சு."